பூக்கும் இஞ்சிகள்: வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நர்சரிகளில் ரெட் ஜிஞ்சர், டார்ச் ஜிஞ்சர், சியாம் துலிப் என்று பெயர் எழுதி விற்கிற செடிகள் எல்லாம் சமையலறை இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் சொந்தக்காரர்கள். வாங்கிய வருஷம் அமோகமாகப் பூக்கும், மறு வருஷம் ஆளையே காணோம் என்பதுதான் இவற்றைப் பற்றி அதிகம் கேட்கிற புகார். தமிழ்நாட்டுச் சமவெளியிலும் கடலோரத்திலும் வளர்ப்பவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். மலை ஊர்க்காரர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

அலங்கார இஞ்சி என்றால் எந்தெந்தச் செடிகள்? ஹெலிகோனியா, கல்வாழை எல்லாம் சேருமா?

சேராது. வாழை, கல்வாழை, ஹெலிகோனியா எல்லாம் இஞ்சிக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். இஞ்சிக் குடும்பத்தில் மட்டும் சுமார் 1,600 வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்குச் சொந்தமானவை. வீட்டுத் தோட்டத்துக்கு வருவது சில கூட்டங்கள்தான். ரெட் ஜிஞ்சர், ஷெல் ஜிஞ்சர், நம் சித்தரத்தை ஆகியவை ஆல்பினியா கூட்டம். வாசனைக்குப் பேர்போன பட்டாம்பூச்சி இஞ்சி ஹெடிக்கியம். சியாம் துலிப்பும் மஞ்சளும் குர்குமா. தொங்கித் தொங்கி ஆடும் பூ குளோபா. தரையோடு ஒட்டி வளரும் கச்சோலம் கெம்ப்ஃபீரியா. டார்ச் ஜிஞ்சர் எட்லிங்கெரா.

சந்தேகம் வந்தால் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இஞ்சிக் குடும்பம் என்றால் ஏதோ ஒரு காரசாரமான மணம் இருக்கும். இலைகளும் தண்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். இலைகள் தண்டைச் சுற்றிச் சுருள்படிக்கட்டு மாதிரி ஏறினால், கசக்கினாலும் மணம் இல்லை என்றால், அது காஸ்டஸ். முன்பு இஞ்சிக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள், இப்போது தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். பராமரிப்பு ஒன்றுதான் என்பதால் இங்கே அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன வருஷம் பூத்த சியாம் துலிப் இந்த வருஷம் முளைக்கவே இல்லை. செத்துவிட்டதா?

தை, மாசியில் கேட்கிறீர்கள் என்றால் தூங்கிக்கொண்டிருக்கலாம். வைகாசி தாண்டியும் முளை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அழுகியிருக்கும். இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் இந்தச் செடிகளை வளர்ப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

சியாம் துலிப் தாய்லாந்துச் செடி. அங்கே சாயபூம் மாகாணத்தின் புல்வெளிகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆயிரக்கணக்கில் பூத்துக் கிடப்பதைப் பார்க்கவே கூட்டம் போகும். மே மாதம் மழை தொடங்கும், அக்டோபரோடு ஓயும். அந்தக் கணக்குப்படிதான் செடியும் வாழ்கிறது. மழையில் முளைத்து, மழையில் பூத்து, மழை நின்றதும் இலையை உதிர்த்துவிட்டுக் காய்ந்த மண்ணுக்குள் ஆறு மாதம் உறங்கும். கிழங்கின் அடியில் குட்டி உருளைக்கிழங்கு போலத் தொங்கும் சேமிப்பு வேர்கள் அந்த உறக்கத்துக்கான கட்டுச்சோறு. பகல் நேரம் குறைவதையும் செடி கவனிக்கும். தாய்லாந்தில் இரவில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டி, பருவம் தப்பியும் பூக்க வைக்கிறார்கள்.

இப்போது சென்னைக்கு வாருங்கள். நாகப்பட்டினம், கடலூர், பாண்டிச்சேரி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். செடிக்குத் தண்ணீர் தேவைப்படுகிற ஆனி, ஆடியில் நமக்கு எப்போதாவது ஒரு சாயங்கால மழை. செடி தூங்கப் போகிற ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. இலை மஞ்சளாகி வேர் வேலை நிறுத்தம் செய்கிற நேரத்தில் தொட்டி வாரக்கணக்கில் சொதசொதவென்று நிற்கிறது. கிழங்கு அழுகாமல் என்ன செய்யும்? கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் தென்மேற்கு மழை நன்றாகக் கிடைக்கும் என்பதால் முதல் பாதி சரியாகப் போகும். ஆனால் அங்கேயும் ஐப்பசி மழையில் கவனம் தேவை.

ஆகவே கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் செடிக்கு மழை நாள்காட்டியைத் தலைகீழாக மாற்றிக் கொடுக்க வேண்டும். சித்திரைக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மழைக்குக் காத்திருக்காமல் நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள். தீபாவளியை ஒட்டி இலை பழுக்கத் தொடங்கியதும் தொட்டியைத் தாழ்வாரத்துக்கோ மாடிப்படிக்கு அடியிலோ நகர்த்திவிடுங்கள். பச்சையாக இருக்கிற இலையை வெட்ட வேண்டாம். அதிலிருக்கும் சத்து கிழங்குக்குள் இறங்கட்டும். முழுதும் காய்ந்த பிறகு இழுத்தாலே கையோடு வந்துவிடும். அப்புறம் தண்ணீர் அடியோடு நிறுத்த வேண்டும். பாவம் என்று வாரம் ஒரு டம்ளர் ஊற்றுகிறவர்கள்தான் கிழங்கை இழக்கிறார்கள். பங்குனி கடைசியிலோ சித்திரையிலோ முளை நுனி எட்டிப் பார்த்ததும் வெளியே எடுத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நனைக்கலாம்.

தொட்டிக்கு ஒரு அடையாளச் சீட்டு குத்தி வையுங்கள். காலித் தொட்டி என்று நினைத்து வீட்டில் யாராவது கீரை விதைத்துவிடுவார்கள்.

எவை தூங்கும், எவை தூங்காது?

குர்குமா, குளோபா, கெம்ப்ஃபீரியா, ஷாம்பு ஜிஞ்சர் எனப்படும் சிஞ்ஜிபர் செரும்பெட் ஆகியவை முழுத் தூக்கம். நம் ஊர்க் காட்டோரங்களில் வளரும் கோஷ்டம் என்ற காஸ்டஸ் வகையும் கோடையில் தண்டைக் காயவிட்டுத் தூங்கும். ரெட் ஜிஞ்சர், ஷெல் ஜிஞ்சர், டார்ச் ஜிஞ்சர், சிவப்புப் பொத்தான் காஸ்டஸ் ஆகியவை தண்ணீர் இருந்தால் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். பட்டாம்பூச்சி இஞ்சி இரண்டுக்கும் நடுவில். ஈரம் இருந்தால் தூங்காது, காய்ச்சலில் விட்டால் இலையைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும்.

வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தூங்குகிற செடியையும் தூங்காத செடியையும் ஒரே தொட்டியில் நட்டால் ஒன்று காயும், இல்லை மற்றது அழுகும்.

முதல் முறையாக வளர்க்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

சித்தரத்தை. கேரளத்திலும் தென் தமிழகத்திலும் வீட்டு மருந்துக்காகக் கொல்லையில் வைக்கிற ஆல்பினியா கல்கராட்டாவைச் சொல்கிறேன். ஒடுங்கிய பளபள இலை, இடுப்புயரம், வெள்ளைப் பூவின் உதட்டில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு. இதை மருந்துச் செடியாகவே பார்த்துப் பழகிவிட்டதால் பூவை யாரும் நின்று பார்ப்பதில்லை. வெயில் தாங்கும், சுமாரான மண் போதும், எளிதில் சாகாது.

அடுத்தது சிவப்புப் பொத்தான் காஸ்டஸ். மத்திய அமெரிக்கக் கடலோரச் செடி என்பதால் சென்னைக் காற்றும் வெயிலும் அதற்குப் புதிதில்லை. மெழுகு பூசிய மாதிரி சிவப்புக் கூம்பு, அதிலிருந்து ஒவ்வொன்றாக ஆரஞ்சுப் பூ. கூம்பில் எப்போதும் எறும்பு ஊரும். மருந்து அடிக்க வேண்டாம். கூம்பின் செதில்கள் தேன் சுரந்து எறும்புகளைத் தாங்களாகவே கூப்பிடுகின்றன, எறும்புகள் பதிலுக்கு விதையைப் பூச்சிகளிடமிருந்து காக்கின்றன.

இரண்டும் வேண்டாம், காசு செலவில்லாமல் வேண்டும் என்றால் பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்து இருக்கிறதே, அதன் கிழங்கைத் தூக்கிப் போடாமல் நிழலில் மணலுக்குள் வையுங்கள். வைகாசியில் கண் விட்டிருக்கும், நடலாம். ஆவணி, புரட்டாசியில் இலைக் கூட்டத்துக்கு நடுவே வெளிர் பச்சைக் கூம்பு ஒன்று வரும். மேல் செதில்கள் வெள்ளையாக, நுனியில் லேசான ரோஸ் நிறத்தோடு இருக்கும். உள்ளே மஞ்சள் பூ. ஈரோட்டுக்காரர்களுக்கு இது தினம் பார்க்கிற காட்சி, நகரத்தில் பலருக்கு மஞ்சள் பூக்கும் என்பதே செய்தி.

தொட்டியில் வளருமா, தரைதான் வேண்டுமா? மண்கலவை என்ன?

குர்குமா, குளோபா, கெம்ப்ஃபீரியா மூன்றும் தொட்டிக்கே வசதி, ஏனென்றால் மழையில் நகர்த்தியாக வேண்டும். காஸ்டஸ், சித்தரத்தை, பட்டாம்பூச்சி இஞ்சியைப் பெரிய க்ரோ பேக்கில் வைக்கலாம். டார்ச் ஜிஞ்சருக்குத் தரை தவிர வேறு வழியில்லை.

கிழங்கு கீழே போவதைவிடப் பக்கவாட்டில்தான் நகரும். அதனால் ஆழமான தொட்டியைவிட வாய் அகன்ற தொட்டி நல்லது. 12 முதல் 14 அங்குல அகலம் இருந்தால் இரண்டு வருஷம் ஓடும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஆற்று மணலும் தேங்காய் நார்க் கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. முழுக்க நார்க் கழிவிலேயே வைத்து விற்கும் செடிகளை வாங்கினால் மாற்றி நடுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பிழிந்தால் தண்ணீர் வரும்.

கிழங்கை 2 அங்குலத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். கண் மேல்பக்கம் பார்க்கட்டும். தரையில் களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி போட்டு நடுவது பாதுகாப்பு.

எவ்வளவு வெயில் காட்டலாம்?

காலை வெயில், மதியம் நிழல். இது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சியாம் துலிப்புக்கு நாலைந்து மணி நேர வெயில் இல்லை என்றால் பூத்தண்டு வளைந்து விழும். கெம்ப்ஃபீரியாவுக்கு நேர் வெயிலே ஆகாது. மேற்குப் பார்த்த மொட்டை மாடியில் ஷேட் நெட் இல்லாமல் ரெட் ஜிஞ்சர் வைத்தால் கத்திரி முடிவதற்குள் இலை காகிதமாகிவிடும்.

இலை ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பாகிறது. என்ன குறை?

மதுரை, திருச்சி, கரூர்ப் பக்கம் என்றால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். இந்தச் செடிகள் காட்டின் அடித்தளத்தில், ஈரக்காற்றில் வளர்ந்தவை. ஆடிக் காற்று அடிக்கிற இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் இலை ஓரம் கருகும், கிழியும். சுவரோரம், வாழைக்கும் தென்னைக்கும் நடுவில் வைத்தால் பாதி பிரச்சினை தீரும். வாழைச் சருகை மூடாக்காகப் போடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர் என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் இலை நுனியிலிருந்து ஓரம் நெடுக ஒரு பழுப்புக் கரை விழும், தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சாகப் படியும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு ஊற்றுவது நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் இவற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. முடியாதவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டி அடியில் ஒழுகி ஓடுகிற அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

கோடையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்தி. தினம் காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினால் அடங்கிவிடும்.

செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டது. பூவே இல்லை. ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு. இதில் மூன்றாவது பலருக்கும் தெரியாதது.

முதலாவது வயது. கடையில் வாங்கிய ஒற்றைக் கண் கிழங்கு முதல் வருஷம் குடும்பம் பெருக்கவே நேரம் சரியாக இருக்கும். ரெட் ஜிஞ்சர், டார்ச் ஜிஞ்சருக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் பொறுமை வேண்டும்.

இரண்டாவது உரம். மீன் அமிலம், மாட்டுச் சாணக் கரைசல் என்று தழைச்சத்தாகவே கொடுத்தால் தழைதான் வரும். முளைத்து இரண்டு மாதம் கழித்துச் சாம்பல் சத்துள்ள உரத்துக்கு மாறுங்கள். கைப்பிடி விறகுச் சாம்பலை மாதம் ஒருமுறை தூவினால்கூடப் போதும். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் சாம்பலைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கத்தரிக்கோல். இஞ்சிச் செடியில் தண்டு என்று நாம் நினைப்பது இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கிற உருளைதான், வாழையைப் போல. அதன் நுனியில்தான் ரெட் ஜிஞ்சருக்கும், ஷெல் ஜிஞ்சருக்கும், பட்டாம்பூச்சி இஞ்சிக்கும் பூ வரும். நுனியை வெட்டினால் அந்தத் தண்டில் பூ கிடையாது, பக்கக்கிளையும் கிடையாது. செம்பருத்தியைக் கவாத்து செய்கிற மாதிரி செய்கிறார்கள், போச்சு.

ஷெல் ஜிஞ்சர் இதில் இன்னும் ஒரு படி மேலே. போன வருஷம் வளர்ந்த தண்டில்தான் இந்த வருஷம் பூக்கும். மஞ்சள் வரி போட்ட இலைக்காக இதை அலுவலகங்களிலும் அடுக்குமாடி வாசல்களிலும் வரிசையாக நட்டிருப்பார்கள். தோட்டக்காரர் வருஷாவருஷம் ஒரே உயரத்துக்கு மட்டம் தட்டுவார். அங்கே வேலை பார்க்கிற யாரும் அதன் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு புதரை இரண்டு வருஷம் சும்மா விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக வெள்ளை மொக்கு, நுனியில் ரோஸ், சரமாகத் தொங்கும். ஒவ்வொரு மொக்கும் விரியும்போது உள்ளே மஞ்சளும் சிவப்பும் கீறின கிண்ணம். ஜப்பானின் ஒகினாவா தீவில் இதன் இலையில் சுற்றித்தான் அரிசிப் பலகாரத்தை வேகவைக்கிறார்கள். நம் வாழையிலைக் கொழுக்கட்டையை இதன் இலையில் வைத்தாலும் மணம் ஏறும்.

பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அதைத் தயங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள். புது முளைக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்கும்.

ரெட் ஜிஞ்சர் பூவுக்குள்ளேயே குட்டிச் செடி முளைத்திருக்கிறது. நோயா?

இல்லை, பரிசு. சிவப்பாகத் தெரிவது பூவே இல்லை, செதில்கள். உண்மையான பூ அவற்றுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்க்கிற சின்ன வெள்ளைக் குழல். பூக்கதிர் முதிர்ந்து தலை கனக்கும்போது செதில் இடுக்கில் கன்றுகள் முளைத்து வேரும் விடும். சொந்த ஊரான மெலனீசியத் தீவுகளில் தலை சாய்ந்து மண்ணைத் தொட்டதும் அங்கேயே வேர் பிடித்துக்கொள்ளும். நீங்கள் மூன்று இலை வந்த கன்றை மெல்லத் திருகி எடுத்து, ஈரமான நார்க் கழிவும் மணலும் கலந்த சின்னத் தொட்டியில் நிழலில் வையுங்கள்.

பூச்சாடிக்கு வேண்டும் என்றால் விடியற்காலையில் வெட்டி, கதிரை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி எடுங்கள். நுனியைப் புதிதாக வெட்டி, தண்ணீரை அடிக்கடி மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும்.

பட்டாம்பூச்சி இஞ்சிக்கு நல்ல வாசனை என்கிறார்கள். என் செடியில் பகலில் ஒன்றும் வரவில்லையே?

சாயங்காலம் போய் நில்லுங்கள். நாலு மணிக்குப் பச்சைக் கூம்பின் செதில் இடுக்கில் வெள்ளை ஊசி மாதிரி மொக்கு நீண்டு நிற்கும். வெயில் தாழத் தாழ அது பிரிந்து, அடியில் அகன்ற ஒரு உதடும் இரண்டு பக்கம் இரண்டு சிறகுமாக விரியும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மல்லிகையும் ஏலமும் கலந்த மாதிரி ஒரு மணம் கூடம் வரை வரும். தேன் விரல் நீளக் குழலின் அடியில் இருக்கிறது. அதை எட்டுகிற அளவுக்கு நீளமான உறிஞ்சுகுழல் பருந்து அந்துப்பூச்சிக்கு உண்டு, அது இரவில்தான் வரும். வெள்ளை நிறமும் ராத்திரி மணமும் அதற்கான அழைப்பு. மறுநாள் மதியம் பூ துவண்டுவிடும், அதற்குள் கூம்பில் அடுத்த மொக்கு தயார்.

கர்நாடகத்தில் இதைச் சுகந்தி என்பார்கள், கேரளத்தில் கல்யாண சௌகந்திகம். தலையில் வைத்துக்கொள்ளலாம், சாமிக்கும் வைக்கலாம். சரம் தொடுத்தால் சீக்கிரம் நைந்துவிடும், ஒற்றைப் பூவாகச் செருகுவதுதான் நன்று. கியூபாவின் தேசிய மலரும் இதுதான், ஆனால் பிறந்தது இமயமலை அடிவாரம் சுற்றியுள்ள பகுதி. ஈரம் இதற்கு உயிர். கிணற்றடி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கம், குளியலறைத் தண்ணீர் வடிகிற வாய்க்காலோரம் எல்லாம் பொருத்தமான இடங்கள். சோப்புத் தண்ணீர் மட்டும் நேராக வேரில் விழ வேண்டாம்.

டார்ச் ஜிஞ்சர் சென்னையில் வருமா?

வரும் என்று சொல்லி உங்களைச் செலவு செய்ய வைக்க எனக்கு மனமில்லை. இலைத்தண்டு 15 அடி வரை போகும், பூத்தண்டோ அதிலிருந்து தள்ளி மண்ணிலிருந்து தனியாகக் கிளம்பும். நாகர்கோவில், குலசேகரம், வால்பாறை அடிவாரம், கேரளம் என்றால் தாராளமாக நடுங்கள். சென்னையில் நல்ல மரநிழலும் தினசரி ஈரமும் உள்ள தோட்டமாக இருந்தால் முயலலாம். மாடியில் வேண்டவே வேண்டாம்.

மலேசியாவில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு இது ‘புங்கா கந்தான்’, பூவாக அல்ல, சமையல் பொருளாகவே தெரியும். விரியாத மொக்கைப் பொடியாக அரிந்து பினாங்கு அசாம் லக்சாவில் போடுவார்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இஞ்சித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இந்தக் குடும்பத்தின் எல்லா உயரத்தையும் ஒரே நடையில் பார்க்கலாம்.

பூச்சிகள்? இலையைச் சுருட்டி உள்ளே ஏதோ இருக்கிறது.

இலை நுனியை மடித்துப் பசை ஒட்டிய மாதிரிச் சுருட்டி உள்ளே இருப்பது பச்சையான, உள்ளுறுப்பு தெரிகிற மாதிரியான ஒரு புழு, தலை மட்டும் கறுப்பு. மஞ்சள், இஞ்சி, ஹெடிக்கியம் மூன்றிலும் வரும். பழுப்புச் சிறகில் பெரிய வெள்ளைத் திட்டு உள்ள ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. இரண்டு மூன்று இலை போனால் போகட்டும், விட்டுவிடுங்கள். அதிகமானால் சுருளைக் கையால் பிரித்து எடுத்தாலே போதும்.

தண்டுத் துளைப்பான் அப்படி இல்லை. நடுக்குருத்து மட்டும் மஞ்சளாகிக் காய்ந்தால் தண்டைக் கீழே பாருங்கள். ஒரு ஓட்டை, அதன் வாயில் மரத்தூள் மாதிரி கழிவு. அந்தத் தண்டை ஓட்டைக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். ஆடி முதல் ஐப்பசி வரை இதன் மேல் ஒரு கண் வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலை 15 நாளுக்கு ஒருமுறை தெளிப்பது முன்னெச்சரிக்கை.

மழைக்காலத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி ஆப்பிரிக்க நத்தை. இளங்குருத்தை ஒரே ராத்திரியில் மொட்டையடிக்கும். நனைந்த சாக்கை விரித்து முட்டைக்கோஸ் இலையைப் போட்டு வைத்தால் அதற்கடியில் வந்து கூடும். காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம், அவற்றில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும்.

கிழங்கு அழுகல் வந்தால் காப்பாற்ற முடியுமா?

தோண்டி எடுத்து அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி, சாம்பலில் புரட்டி, நிழலில் இரண்டு நாள் ஆறவைத்துப் புது மண்ணில் நடலாம். பழைய மண்ணை வேறு இஞ்சிச் செடிக்குப் பயன்படுத்தக் கூடாது. நடுமுன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தில் கலந்து போடுவது நல்ல பழக்கம், வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்கும். செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டு, கிழங்கை நறுக்கினால் பால் மாதிரி கசிகிறதா? அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து தேட வேண்டாம், தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள்.

பிரித்து நடுவது எப்போது?

முளை அசையும் சித்திரை, வைகாசியில். ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று கண் இருக்கட்டும். இலைத்தண்டை வெட்டி நட்டால் இஞ்சி வேர் பிடிக்காது, காஸ்டஸ் மட்டும் பிடிக்கும். காஸ்டஸ் தண்டை அரை அடித் துண்டுகளாக்கி ஈர மணலில் படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு முளைக்கும்.

இவை புதராக வளர்ந்தால் பாம்பு வரும் என்று வீட்டில் அம்மா சொல்கிறார். உண்மையா?

மணத்துக்குப் பாம்பு வராது. ஆனால் அம்மா சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. அடர்ந்த இலை, எப்போதும் ஈரம், கீழே மூடாக்கு என்றால் தவளையும் எலியும் வரும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். வாசற்படி, குழந்தைகள் விளையாடும் இடம், கழிப்பறைப் பாதை ஆகியவற்றிலிருந்து தள்ளி நடுங்கள். காய்ந்த தண்டுகளை அவ்வப்போது வெட்டி அடியில் தரை தெரிகிற மாதிரி வையுங்கள். கிளறுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள்.

இன்சுலின் செடி காஸ்டஸ்தானே? இலையைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

அந்தக் குடும்பத்துச் செடிதான், பிரேசிலிலிருந்து வந்தது, ஆரஞ்சுப் பூ. அழகுக்கு வளருங்கள். அதை நம்பி மாத்திரையையோ ஊசியையோ நிறுத்துவதும் குறைப்பதும் ஆபத்து, அதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். பொதுவாகவே, நர்சரியில் அலங்காரத்துக்கு வாங்கிய எந்த இஞ்சிக் கிழங்கையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். என்ன மருந்து அடித்து வளர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஊட்டி, கொடைக்கானலில் இருக்கிறோம். எங்களுக்கு எது?

ஹெடிக்கியம் கூட்டம் உங்கள் குளிருக்கே பிறந்தது. உறைபனியில் மேல்பகுதி கருகினாலும் கிழங்கிலிருந்து மீண்டும் வரும். ஒரு எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன். மஞ்சள் பூவும் சிவப்பு இழையுமாக இருக்கும் காஹிலி எனப்படும் ஹெடிக்கியம் கார்ட்னெரியானம் ஹவாய், நியூசிலாந்து, அசோர்ஸ் தீவுகளில் காட்டையே மூடிவிட்டது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. ஓடையோரம் நட வேண்டாம், வெட்டிய கிழங்கை ஓடையில் எறியவும் வேண்டாம். காய்ப்பதற்கு முன் பூக்கதிரை நறுக்கிவிடுங்கள். லண்டானாவும் சீகை மரமும் சோலைக்காட்டை என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டடி பால்கனிதான் இருக்கிறது.

குளோபா ஒரு தொட்டி, கெம்ப்ஃபீரியா ரோட்டுண்டா ஒரு தொட்டி. குளோபாவின் ஊதாச் செதிலும் மஞ்சள் பூவும் காற்றில் ஆடுவதைப் பார்க்க இடுப்பளவு ஸ்டூலில் வைக்க வேண்டும், தொட்டி தரையில் இருந்தால் பாதி அழகு போச்சு. தாய்லாந்தின் சரபுரியில் மழைக்கால விரதம் தொடங்கும்போது குளோபா மலர்களைப் பிக்குகளின் பாத்திரத்தில் இடுகிற விழாவே உண்டு. கெம்ப்ஃபீரியா ரோட்டுண்டா கோடையில் இலை வருவதற்கு முன்பே வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும். இரண்டுக்கும் மறைமுக வெளிச்சம் போதும்.

எங்கே வாங்கலாம்?

திருச்சூருக்குப் பக்கத்து மண்ணுத்தியிலும் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலும் நர்சரிகள் ஊரையே நிறைத்திருக்கின்றன, வகையும் அதிகம். ஆன்லைனில் கிழங்காக வாங்குவதாக இருந்தால் மாசி, பங்குனியில் வாங்குங்கள். கெட்டியாக, குறைந்தது ஒரு கண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். சியாம் துலிப் என்றால் சேமிப்பு வேர்கள் உடையாமல் தொங்குகிறதா என்றும் பாருங்கள். கார்த்திகையில் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று இலை பழுத்த குர்குமாவை வாங்கினால் தப்பில்லை, வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றாமல் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.